தும்மலுக்கு ஒரு கெட்டிமேளம்

வழி நெடுக இரண்டு பக்கமும் உப்பளம். வைகாசி வெயில் உப்புக் குவியல்களின் மேல் விழுந்து, திரும்பி வந்து கண்ணைக் குத்தியது. மரக்காணம் கடைத்தெருவில், 'ஐயப்பன் வீடியோ விஷன்' என்ற போர்டுக்குக் கீழே ஸ்கூட்டரை நிறுத்தியபோது கார்த்திகேசனின் சட்டை முதுகோடு ஒட்டிப் போயிருந்தது.

"மேடம், முக்கால்வாசி வெந்துட்டேன். உப்பும் போட்டாச்சு. தாளிக்கறது மட்டும்தான் பாக்கி."

பின்னால் உட்கார்ந்திருந்த சத்யப்ரியா இறங்கிப் புடவை மடிப்பைச் சரிசெய்தாள். "உள்ள ஏ.சி. இருக்குதாம். ஆறிப் போயிடாதே. வேலை இருக்குது."

பெரிய முதலியார்சாவடியில், ஒரு மருந்துக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது சத்யப்ரியாவின் துப்பறியும் ஆபீஸ். வருகிற கேஸெல்லாம் பெரும்பாலும் 'மாப்பிள்ளை குடிப்பாரா' ரகம். கார்த்திகேசன் அவளுடைய அசிஸ்டெண்ட். அதற்கு முன்னால் வீடு வீடாகப் போய் மிக்ஸி விற்றவன். மிக்ஸி விற்பதை நிறுத்திவிட்டான், பேச்சை நிறுத்தவில்லை.

இந்தக் கேஸில் மாப்பிள்ளை குடிக்கிறவர் இல்லை. கல்யாணமும் நடந்து முடிந்துவிட்டது. காணாமல் போயிருந்தது ஒரு சிவப்புக் கல் அட்டிகை.

போன வெள்ளிக்கிழமை, உப்பள முதலாளி ராஜாங்கத்தின் வீட்டு வாசல் பந்தலில் அவர் மகள் கலைமதிக்கும் இரும்பை கிராமத்து அருள்மொழிக்கும் கல்யாணம். அட்டிகை, மாப்பிள்ளையின் செத்துப்போன அம்மாவுடையது. அவனைத் தூக்கி வளர்த்த அக்கா கமலாம்பாள், விடியற்காலையில் தன் கையாலேயே அதைக் கலைமதியின் கழுத்தில் கட்டிவிட்டாள். தாலி கட்டி, மாலை மாற்றி முடித்துப் பார்த்தால் கழுத்தில் அட்டிகை இல்லை.

கமலாம்பாளின் விரல் நேராகச் செந்தமிழைக் காட்டியது. செந்தமிழ் கலைமதியோடு படித்தவள். குயிலாப்பாளையத்தில் பியூட்டி பார்லரில் வேலை. அன்றைக்கு மணப்பெண் அலங்காரம் அவள்தான். கடலோரக் குப்பத்துப் பெண். போன டிசம்பரில் கடல் வந்து வீட்டை எடுத்துக்கொண்டு போன பிறகு தகரக் கொட்டகையில் குடும்பம். "எல்லாத்தையும் பறிகொடுத்துட்டு நிக்கிறவ, கண்ணு முன்னால நகையைப் பார்த்தா கை சும்மா இருக்குமா?" என்று பந்தலில் நூறு பேர் கேட்கச் சொன்னாள் கமலாம்பாள்.

அதற்கு ஆதாரமும் கிடைத்தது. சிங்கப்பூரிலிருந்து வந்திருந்த பக்கிரி சித்தப்பா ஹேண்டிகேமில் கண்டதையும் பிடித்துக்கொண்டே திரிந்திருந்தார். அதில் ஒரு காட்சி. செந்தமிழ் தனியாக மணப்பெண் அறைக்குள் நுழைகிறாள். கொஞ்ச நேரத்தில் ஒரு பையை மார்போடு அணைத்தபடி வெளியே வருகிறாள். பின்னணியில் கெட்டிமேளம். அதாவது, ஊரே மேடையைப் பார்த்துத் தாலிக்கு அட்சதை போட்டுக்கொண்டிருந்த நேரம். கூறைப் புடவை மாற்றும்போது கலைமதி அட்டிகையைக் கழற்றி அறையில் வைத்திருப்பாள், தோழி போய் எடுத்துக்கொண்டாள் என்பது கமலாம்பாளின் கணக்கு.

இன்றைக்குச் சாயங்காலம் அந்தக் கேசட்டை வாங்கிக்கொண்டு நேராகப் போலீஸ் ஸ்டேஷன் போவதாகச் சொல்லியிருந்தாள். கலைமதியும் ஒன்று சொல்லியிருந்தாள். செந்தமிழ் மேல் விழுந்த கெட்ட பேர் போகிறவரை இரும்பையில் கால் வைக்க மாட்டாளாம். சத்யப்ரியாவுக்குப் போன் செய்ததும் அவள்தான்.

ஸ்டுடியோ வாசல்படியில் ஒரு பெண் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். செந்தமிழ்.

"உள்ள வாம்மா" என்றாள் சத்யப்ரியா.

"வேணாங்க. நான் உள்ள போனா, கேசட்டும் காணோம்னு சொல்லுவாங்க."

உள்ளே ஏ.சி. இருந்தது. காற்றுதான் வரவில்லை. கம்ப்யூட்டர் பெட்டிக்கு விபூதிப் பட்டை போட்டு, மேலே ஒரு எலுமிச்சம்பழம் வைத்திருந்தார் ஐயப்பன். கழுத்தில் புது மஞ்சள் கயிற்றோடு கலைமதி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் நுனியில் உட்கார்ந்திருந்தாள்.

"ஏண்ணே, கம்ப்யூட்டருக்கு வைரஸ் வராம இருக்கவா பழம்?" என்றான் கார்த்திகேசன்.

"ஹேங் ஆகாம இருக்க, தம்பி. போன மாசம்தான் மந்திரிச்சேன். கொஞ்சம் தேவலாம்."

திரையில் மேலே படம். கீழே, ஒன்றன் கீழ் ஒன்றாக மூன்று பட்டைகள், மூன்று தண்டவாளத்தில் நிற்கும் மூன்று ரயில் மாதிரி. முதல் பட்டை மேடைக்கு எதிரே நின்ற ஐயப்பனின் கேமரா. இரண்டாவது, மேடைக்குப் பின்னாலும் வாசலிலும் சுற்றிய அவர் மச்சானின் கேமரா. மூன்றாவது, சித்தப்பாவின் ஹேண்டிகேம். அந்த ஹேண்டிகேம் காட்டிய தேதி தொண்ணூற்றொன்பதாம் வருஷத்தில் நின்றுகொண்டிருந்தது.

"இந்தக் கேமராவுக்கு இன்னும் ரெண்டாயிரமே பொறக்கல மேடம். டைமை நம்ப முடியாது" என்றான் கார்த்திகேசன்.

"அதான் மேடம் நான் கண்ணால பார்த்தே சேர்க்கறேன்" என்றார் ஐயப்பன். "ஐயர் வாய் இதுல எப்ப தொறக்குது, அதுல எப்ப தொறக்குதுன்னு பார்த்து, இம்மி இம்மியாத் தள்ளணும். காலையிலேர்ந்து ஒரு க்ளிப் சேர்த்திருக்கேன். பொறுமையான வேலை."

"அந்த க்ளிப்புல ஐயர் இல்லாட்டி?" என்றாள் சத்யப்ரியா.

ஐயப்பன் யோசித்தார். "அப்ப கஷ்டம்தான்."

சத்யப்ரியா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். "மூணு கேமராவும் மூணு பக்கம் பார்த்துச்சு. ஆனா மூணும் ஒரே மேளத்தைத்தானே கேட்டுச்சு? படத்தை விடுங்க. சத்தத்தைப் பாருங்க."

ஒவ்வொரு பட்டைக்கு அடியிலும் சத்தம் கோடு கோடாக வரைந்திருந்தது. பேச்சு நடந்த இடத்தில் சின்னச் சின்ன வரப்பு. மேளம் உச்சத்துக்குப் போன இடத்தில் வெளியே உப்பளத்தில் குவித்து வைத்த மாதிரி ஒரு பெரிய குவியல்.

"கெட்டிமேளம் ஆரம்பிக்கிற இடத்துல, மூணுலயும் ஆளுக்கொரு மார்க் போடுங்க. மார்க்கோட மார்க்கைச் சேருங்க. கேமராவை நிறுத்தாம ஓட்டின வரைக்கும் மீதி எல்லாம் தானா சேர்ந்துடும்."

"மேக்னட் ஆன் பண்ணா, பக்கத்துல கொண்டுபோனதும் தானா ஒட்டிக்கும் மேடம்." ஐயப்பன் குரலைத் தாழ்த்தினார். "நான் எப்பவும் ஆஃப்லதான் வெச்சிருப்பேன். திடீர்னு ஒட்டிக்கிட்டா பயமா இருக்குது."

"ஊருக்கெல்லாம் கல்யாணப் படம் எடுக்கறீங்க. ஒட்டிக்கறதுக்குப் போய் பயப்படறீங்களே" என்றான் கார்த்திகேசன். கலைமதி மூன்று நாளில் முதல்முறையாகச் சிரித்தாள்.

மேக்னட் ஆன். ஐயப்பன் இழுத்தார். டக், டக் என்று பட்டைகள் மார்க்கில் போய் ஒட்டிக்கொண்டன. காலையிலிருந்து கழுத்து வலிக்கச் செய்த வேலை, ஒரு டீ ஆறுவதற்குள் முடிந்தது. ஐயப்பன் மௌஸை ஒரு தினுசாகப் பார்த்தார்.

"இப்ப மூணையும் பக்கத்துப் பக்கத்துல ஓட்டுங்க."

ஓட்டினார். கெட்டிமேளம் மூன்று பக்கமும் ஒரே அடியாக முழங்கியது. ஹேண்டிகேமில் செந்தமிழ் மணப்பெண் அறைக்குள் நுழைந்தாள். பின்பக்கக் கேமராவில், அதே நொடியில், அதே செந்தமிழ் மேடையில் கலைமதிக்குப் பின்னால் நின்று, தாலி முடிச்சுக்கு வசதியாக மாலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

ஐயப்பன் படத்தை அப்படியே நிறுத்தினார்.

"ட்வின்ஸா?" என்றான் கார்த்திகேசன்.

"அவளுக்கு ஒரு தம்பிதான்" என்றாள் கலைமதி.

"கம்ப்யூட்டர் தப்பு பண்ணாது மேடம்" என்று ஐயப்பன் எலுமிச்சம்பழத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"அது பண்ணல. நாமதான் பண்ணிட்டோம்." சத்யப்ரியா திரையருகே குனிந்தாள். "இது என்ன? ஹேண்டிகேம்ல குவியலுக்கு முன்னால, ஒல்லியா ஒரு கோடு. குவியல் பக்கத்துல தனிப் பனைமரம் மாதிரி. மத்த ரெண்டுலயும் இது இல்லியே."

"கேமரா எங்கியாவது இடிச்சிருக்கும்."

"அதை மட்டும் போடுங்க. சத்தத்தைக் கூட்டி."

ஐயப்பன் போட்டார். ஸ்பீக்கர் அதிர்ந்தது. எலுமிச்சம்பழம் உருண்டு கீழே விழுந்தது.

"எங்க அப்பா தும்மல்" என்றாள் கலைமதி, கொஞ்சமும் யோசிக்காமல். "அவர் தும்மினா உப்பளத்துல கொக்கு எழும்பிடும்."

"முகூர்த்தப் பந்தல்ல பொண்ணோட அப்பா தும்மினா மேளக்காரர் என்ன பண்ணுவார்?"

கார்த்திகேசனுக்கு மண்டையில் பல்பு எரிந்தது. "அபசகுனம் காதுல விழக்கூடாதுன்னு கெட்டிமேளம் கொட்டுவார். மேடம், அப்ப அன்னிக்கு கெட்டிமேளம் ரெண்டு. ஒண்ணு தாலிக்கு, ஒண்ணு தும்மலுக்கு."

எல்லோரும் ஐயப்பனைப் பார்த்தார்கள். அவர் பழத்தைத் தேடும் சாக்கில் மேஜைக்கு அடியில் போயிருந்தார். "அதை யாரு மேடம் கல்யாண கேசட்டுல வைப்பா?" என்று அடியிலிருந்து குரல் வந்தது. "வேஸ்ட்டுன்னு கட் பண்ணிட்டேன்."

"ஒரிஜினல் கேசட்டுல?"

"இருக்குது. திரும்ப ஏத்தணும். அது ஓடற நேரம் ஓடும்."

கேசட் ஓடிக்கொண்டிருந்தபோது கார்த்திகேசன் இரண்டு கோலி சோடாவோடு வாசலுக்குப் போனான். ஒன்றைச் செந்தமிழிடம் நீட்டினான்.

"ஒரு தும்மல் உங்களைக் காப்பாத்தப் போவுதுங்க" என்றான்.

அவள் சிரிக்கவில்லை. சோடாவை வாங்கிப் பக்கத்தில் வைத்தாள். "எங்க குப்பத்துல யாரும் 'எடுத்தியா'ன்னு என்னைக் கேக்கல. 'அங்க ஏன் போன'ன்னுதான் கேக்கறாங்க. பார்லர்ல, இது முடியட்டும், அப்புறம் வான்னு சொல்லிட்டாங்க. நான் பொட்டு வெச்சு விட்ட பொண்ணு, அவ புருஷன் வீட்டுக்குப் போகாம உக்காந்திருக்கா. நான் எதுக்குங்க சிரிக்கணும்?"

கார்த்திகேசன் தன் சோடாவைக் குடிக்காமலே உள்ளே திரும்பினான்.

ஐயப்பன் இப்போது தேறிவிட்டார். சொல்லாமலே தும்மலில் ஒரு மார்க் போட்டு, ஹேண்டிகேம் பட்டையைப் பிடுங்கித் தள்ளிக்கொண்டு போய் விட்டார். டக். பனைமரத்தோடு பனைமரம், குவியலோடு குவியல்.

"சினிமாவுல கிளாப் அடிப்பாங்களே, அதே வேலையைத்தான் ராஜாங்கம் ஐயா மூக்கால செஞ்சிருக்கார்" என்றான் கார்த்திகேசன். குரலில் பழைய சுருதி முழுசாக வரவில்லை.

மேடைக் கேமராவில் ராஜாங்கம் தும்மினார். கெட்டிமேளம். மணவறையில் மாப்பிள்ளை மட்டும் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் மணை காலி. ஹேண்டிகேமில் செந்தமிழ் அறைக்குள் போனாள்.

"நான் அப்ப உள்ளதான் இருந்தேன், கூறைப் புடவை மாத்திக்கிட்டு" என்றாள் கலைமதி. "அவ பழைய புடவையைப் பையில வெச்சு எடுத்துக்கிட்டுப் போனா. நான் சொன்னேனே. யாரு கேட்டாங்க?" அவள் எழுந்து வாசலுக்கு ஓடப் பார்த்தாள்.

"உக்காரும்மா" என்றாள் சத்யப்ரியா. "பாதிதான் முடிஞ்சிருக்குது. அட்டிகை கிடைக்காம, அவ எடுக்கலன்னு மட்டும் சொன்னா, 'அப்ப வேற எப்பவாவது எடுத்திருப்பா'ம்பாங்க. ஐயப்பன், ஹேண்டிகேமோட அடுத்த க்ளிப்பைத் தாலி மேளத்துல ஒட்டுங்க. தாலி கட்டறதிலேர்ந்து ஓட்டுங்க."

ஓடியது. கலைமதியின் கழுத்தை மாலை மூடியிருந்தது. அட்டிகை உள்ளே இருக்கிறதா இல்லையா, கடவுளுக்குத்தான் தெரியும். அருள்மொழி முதல் முடிச்சுப் போட்டான். நாத்தனார் கமலாம்பாள் பின்னாலிருந்து மாலைக்குள் கைவிட்டுத் தடவித் தடவி மற்ற முடிச்சுகளைப் போட்டாள். அட்சதை மழை. பிறகு மாலை மாற்றல். கலைமதியின் மாலை மாப்பிள்ளை கழுத்துக்குப் போனது, திரும்பி வந்தது, மறுபடி போனது.

"பூக்காரர் செலவு பண்ணியிருக்கார். ஜிகினா என்னமா மின்னுது" என்றான் கார்த்திகேசன், சும்மா இருக்கக்கூடாதே என்று.

"எங்க மாலையில ஜிகினா கிடையாது" என்றாள் கலைமதி. "எனக்குப் பிடிக்காதுன்னு அப்பா அப்படித்தான் கட்டச் சொன்னார். வெறும் ரோஜா, சம்பங்கி."

சத்யப்ரியாவின் முதுகு நிமிர்ந்தது. "கார்த்தி, இன்னொரு தரம் சொல்லு."

"பூக்காரர் செலவு..."

"போதும். ஐயப்பன், பின்பக்கக் கேமராவை முடிச்சு போடற இடத்துக்குக் கொண்டுபோங்க. மெதுவா."

மெதுவாக ஓடியது. செந்தமிழ் தூக்கிப் பிடித்த மாலைக்கு அடியில் கமலாம்பாளின் விரல்கள் நூலைத் தேடின. தாலிக்கயிற்றில் ஒரு முடிச்சு விழுந்தது. பிறகு, அவசரத்தில், பக்கத்திலிருந்த சிவப்புப் பட்டுக் கயிற்றையும் பிடித்து இழுத்தன. அட்டிகையின் குஞ்சம் அவிழ்ந்து, கலைமதியின் முதுகில் ஒரு நொடி ஆடி, மாலைக்குள் சொருகிக்கொண்டு மறைந்தது.

"ஐயையோ" என்றார் ஐயப்பன். "அண்ணியம்மாவேவா?"

"இனிமே யாரையும் பார்க்க வேணாம். மாலையை மட்டும் பார்ப்போம். மூணு கேமராவும் ஒண்ணா ஓடுது. ஒண்ணுல மறைஞ்சா இன்னொண்ணுல கிடைக்கும்."

அதுதான் நடந்தது. மேடைக் கேமராவில் மாப்பிள்ளை வியர்வை தாங்காமல் மாலையைக் கழற்றி அக்காவிடம் கொடுத்தான். அவள் அந்தப் படத்தை விட்டு வெளியேறியதும் ஹேண்டிகேமில், பாயசக் குண்டானுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். கையில் மாலை. அதில் ஒரு இடம் மட்டும் பளிச் பளிச். அங்கேயிருந்து மறைந்து, வாசல் கேமராவில் தெருவை நோக்கி நடந்தாள். கலைமதி நகத்தைக் கடித்தாள்.

கமலாம்பாள் மாலையை இரண்டு கையாலும் உயர்த்தினாள்.

கரண்ட் போனது.

யு.பி.எஸ். கீ கீ என்று கத்திவிட்டு உயிரை விட்டது. இருட்டில் ஐயப்பன், "சேவ் பண்ணிட்டேன் மேடம், பண்ணிட்டேன்னு நினைக்கறேன்" என்றார். எங்கேயோ எலுமிச்சம்பழம் மறுபடி உருண்டது.

வெளியே கார் ஹாரன் கேட்டது.

கார்த்திகேசன் கதவைத் திறந்தான். வெள்ளை அம்பாசிடர் வந்து நின்றிருந்தது. அருள்மொழி டிரைவர் சீட்டில், தூக்கமில்லாத கண்ணோடு. பின்கதவைத் திறந்துகொண்டு கமலாம்பாள் இறங்கினாள். "எங்க அந்தக் கேசட்டு? ஸ்டேஷன்ல ஏட்டையா காத்துக்கிட்டிருக்கார்."

கார்த்திகேசன் அவளைப் பார்க்கவில்லை. காரின் மூக்கைப் பார்த்தான். மூன்று நாள் வெயிலில் வாடிப் பழுப்பேறின கல்யாண மாலை ஒன்று அங்கே கட்டித் தொங்கியது. காய்ந்த சம்பங்கிக்கு நடுவில் ஏதோ பளபளத்தது. அவனுக்கு வயிற்றிலிருந்து சிரிப்பு கிளம்பியது. அடக்கப் பார்த்தான். அது மூக்கு வழியாக வந்தது.

"என்னப்பா இளிப்பு?" என்றாள் கமலாம்பாள்.

"ஒண்ணுமில்லீங்க. மேடம், படம் மீதியைப் பார்க்க கரண்ட் வேணாம். இங்கியே ஓடுது."

சத்யப்ரியா வெளியே வந்து ஒரு பார்வை பார்த்தாள். "அம்மா, அந்த மாலையைக் காருல கட்டினது யாரு?"

"நான்தான். மாப்பிள்ளை மாலையைக் கண்ட இடத்துல போடக்கூடாதுன்னு என் கையால கட்டினேன். அதுக்கென்ன இப்ப?"

"கழட்டிப் பாருங்க."

கமலாம்பாள் செந்தமிழைப் பார்த்தாள். "ஏய், நீ போய்ப் பாரு" என்று சொல்ல வாய் எடுத்தாள் போலிருந்தது. அதற்குள் செந்தமிழ் படியிலிருந்து எழாமலே சொன்னாள்: "நான் தொட மாட்டேன். நீங்களே எடுங்க."

கமலாம்பாள் குனிந்தாள். விரல் பட்டதும் ரோஜா இதழெல்லாம் பொடிப் பொடியாக உதிர்ந்தது. வாழைநாரில் சுற்றிக்கொண்டு, அம்மாவின் சிவப்புக் கல் அட்டிகை அவள் கைக்கு வந்தது. அதை வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். தெருவில் டீக்கடைக்காரர், சைக்கிள்காரர், எதிர்க்கடைப் பாப்பாத்தி என்று கூட்டம் சேர்ந்துவிட்டது.

"மூணு நாளா இதைத்தான்..." என்று ஆரம்பித்த அருள்மொழி சிரித்துவிட்டான். சிரிப்பும் அழுகையும் கலந்த சிரிப்பு. "அக்கா, திருடு போன நகையைக் கட்டிக்கிட்டே நாம திருடனைத் தேடிக்கிட்டிருந்தோம்க்கா."

"அவுத்ததும் நீங்க, எடுத்துக்கிட்டுப் போனதும் நீங்க, கொண்டு வந்து சேர்த்ததும் நீங்க" என்றான் கார்த்திகேசன். சத்யப்ரியா அவன் காலை மிதித்தாள்.

கமலாம்பாளின் முகம் ஒரு நிமிஷம் என்னென்னவோ ஆனது. அட்டிகையை முந்தானையால் துடைத்தாள். துடைத்த முந்தானையாலேயே கண்ணையும் துடைத்துக்கொண்டாள். பிறகு கலைமதியின் கழுத்தை நோக்கிக் கையை நீட்டினாள்.

கலைமதி ஓர் அடி பின்னால் போனாள். "நீங்க வேணாம் அண்ணி. அவ கட்டட்டும்."

கமலாம்பாள் படிக்கட்டைப் பார்த்தாள். இடையில் இருந்தது ஐந்தாறு அடி தூரம்தான். அதை நடக்க அவளுக்கு வெகுநேரம் ஆனது. செந்தமிழின் முன்னால் போய் நின்று, இரண்டு கையிலும் அட்டிகையை வைத்து நீட்டினாள்.

"எங்கம்மா நகைம்மா" என்றாள். "அதுக்காக புத்தி கெட்டுப் போச்சு எனக்கு. பந்தல்ல நூறு பேர் முன்னால சொன்னேன். இந்தத் தெருவுலயும் ஒரு நூறு பேர் இருப்பாங்க. நீ எடுக்கல. நான்தான் தப்பு."

செந்தமிழ் உட்கார்ந்தபடியே சோடாவை எடுத்து ஒரே மூச்சில் குடித்து முடித்தாள். எழுந்து, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அட்டிகையை வாங்கினாள். கலைமதியைத் தோளைப் பிடித்துத் திருப்பி, கூந்தலை ஒதுக்கி, பட்டுக் கயிற்றை முடிந்தாள். ஒன்று. அதன் மேல் இன்னொன்று. அதன் மேல் இன்னொன்று.

"இறுக்கமா இருக்குதாடி?"

"மூச்சு விட முடியல."

"அப்ப சரி" என்றாள் செந்தமிழ்.